எங்க வீட்டுல எல்லாருக்கும் சுகப்பிரசவந்தான்

ஏனுங்கம்மா, இப்பிடி வந்து உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடுது. பையைக் கீழ வையுங்க, நான் பாத்துக்கறேன்.

மகளா, மருமகளா? மருமகளா. தலைப்பிரசவமா? எங்களுக்கும் அதேதானுங்க. என்ற சின்ன மக சுகன்யா, அந்தக் கதவுக்கு உள்ளதான் இருக்கறா. காலைல கூட்டிட்டு வந்தோம், இப்பப் பாருங்க, வெயிலே சாஞ்சிருச்சு. மாப்பிள்ளை ஏதோ மருந்து வாங்கோணும்னு கீழ போயிருக்காரு. பெங்களூரு வேலை. நல்ல பையன். ஆனா ஆஸ்பத்திரின்னா வெளியவே நின்னுக்குவாரு.

ஏன் உங்க மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? அந்தச் சத்தத்தக் கேட்டா? அது பக்கத்து ரூமுங்க. என்ற மக கத்தமாட்டா. நான் சொல்லித்தான் அனுப்பியிருக்கறேன். கத்துனா சத்தெல்லாம் வாய் வழியாப் போயிரும், பல்லைக் கடிச்சிட்டு முக்கோணும் கண்ணுன்னு. எங்க வீட்டுல எல்லாருக்கும் சுகப்பிரசவந்தானுங்க. எனக்கு மூணு, மூத்தவளுக்கு ஒண்ணு. ஒருத்தர் வயித்துலயும் கத்தி பட்டதில்ல. இந்தக் காலத்துல இதைச் சொன்னா யாராச்சும் நம்புவாங்களா? பொண்ணு ஆஸ்பத்திரி வாசப்படி ஏறுன ஒடனே ஆபரேசன்னு சொல்லிர்றாங்க.

சித்த இருங்க, போனு அடிக்குது.

ம். விடுங்க. கம்பெனிக்காரங்க. லோன் வேணுமா, லோன் வேணுமான்னு பொழுதன்னைக்கும் இதே வேலை.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? மூத்தவ. கோகிலா. பள்ளிக்கூடத்துல வெளையாட்டு டீச்சருங்க அவ. பி.டி. டீச்சர்னு சொல்லுவாங்களே. சின்னதுலயே அவளுக்குக் காலு தரையில நிக்காது. கோ கோ வெளையாடி மாநில அளவுல கப்பு வாங்கிட்டு வந்தா. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. எங்கூட்டுக்காரருக்கு அத்தனை பெருமை. எனக்குத்தான் கவலை. பொட்டப்புள்ள இப்பிடிக் குதிச்சிட்டுத் திரிஞ்சா நாளைக்குப் புள்ள பெத்துக்கற ஒடம்பா இருக்குமா? சொன்னா யாரு கேட்டா?

அவளுக்கு ஜாதகம் வேற சரியில்ல. ஒவ்வொண்ணாத் தட்டிட்டே போயிருச்சு. கல்யாணம் ஆகறப்ப முப்பத்தி நாலு. மாப்பிள்ளை தனபாலு, பெருந்துறைப் பக்கம். தங்கமான மனுசன். அடுத்த வருசமே தங்கிருச்சு. தங்குன ஒடனே நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சாமி, சுகப்பிரசவமா ஆகட்டும்னு.

நான் ஏன் அப்பிடிக் கும்பிட்டேன்னு உங்களுக்குத் தெரியாது. என்ற அக்கா ஒருத்தி இருந்தா. எனக்கு அவதான் தலை சீவி விடுவா. ரெண்டாவது பிரசவத்துக்கு ஆபரேசன் பண்ணோணும்னு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. போறப்ப, நான் வர்ற வரைக்கும் என்ற செருப்பைப் பாத்துக்கடின்னு சொல்லிட்டுப் போனா. திரும்பி வரல. ரத்தம் நிக்கலயாம். கொழந்தையும் பொழைக்கல. நான் அந்தச் செருப்பைக் கையில வெச்சிட்டு அவளப் பொணமா வண்டியில ஏத்தற வரைக்கும் நின்னேன். அதுக்கப்பறம் கத்தின்னா எனக்கு ஆகாதுங்க. காய் அரியறது வேற. இது வேற.

அதனால கோகிலாவுக்கு நானே பாத்துப் பாத்து ஆஸ்பத்திரி தேடுனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு வயசான டாக்டரம்மா இருந்தாங்க. இப்ப அந்த எடம் துணிக்கடை. ஆபரேசனே பண்ணமாட்டாங்கன்னு பேரு அவங்களுக்கு. அப்பிடிப்பட்டவங்களே அன்னைக்கு என்னைய வெளிய கூப்பிட்டுச் சொல்றாங்க. கொழந்தை நெம்பப் பெருசா இருக்குது, தலை எறங்கமாட்டேங்குது, இவளுக்கு வயசும் ஆயிருச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேசன் பண்ணிக்கலாமான்னு.

நான் முடியாதுன்னுட்டேன்.

தனபாலு மாப்பிள்ளை என் மொகத்தையே பாத்தாரு. உள்ள இருந்து கோகிலா, அம்மா, டாக்டர் சொல்றதக் கேளும்மான்னு கூப்பிட்டா. வலியில ஒளர்றான்னு நான் கண்டுக்கல. நான் அவ காதுகிட்டப் போய்ச் சொன்னேன், மாநில அளவுல கப்பு வாங்குனவளுக்கு இது ஒரு பாரமாடி, முக்குன்னு.

முக்குனா. அப்பிடி முக்குனா. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஆரம்பிச்சது, வெளக்கு வெக்கற நேரமும் ஆயிருச்சு. கண்ணுக்குள்ள ரத்தம் கட்டிருச்சு அவளுக்கு. அங்க ஒரு நர்சம்மா, எங்களுக்குச் சொந்தம், ஒறம்பற முறை, நல்ல தாட்டியான பொம்பள. ஸ்டூல் மேல ஏறி நின்னு மேல் வயித்துல கையை வெச்சு அமுக்குனா. தனியா ஆகலன்னு நானும் ஒரு கை போட்டேன். ஆளுக்கொரு பக்கம். எனக்கும் அப்பத் தெம்பு இருந்துச்சு. கடைசில டாக்டரம்மா ரெண்டு கரண்டியாட்டம் இரும்பு கொண்டு வந்து கொழந்தை தலையைப் புடிச்சு இழுத்தாங்க. ஆயுதம் போடறதும்பாங்களே, அது.

அப்ப ஒரு சத்தம் வந்துச்சுங்க. பழைய வேட்டியக் கிழிச்சாப்பல. கோகிலா அதுக்கு மேல ஒண்ணும் கத்தல. வாயைத் தொறந்தா, சத்தம் வரல.

பையன் பொறந்தான். நாலு கிலோவுக்கு மேல. நர்சம்மா தூக்கிக் காட்டுனப்ப ஆஸ்பத்திரியே வேடிக்கை பாத்துச்சு. வயித்துல ஒரு கோடு இல்ல. நான் தெருப்பூரா சக்கரை குடுத்தேன்.

மறுநா அவ என்கிட்ட, அம்மா, உள்ள என்னமோ அந்து போச்சும்மான்னு சொன்னா. அந்து போச்சுன்னுதான் சொன்னா, அதே வார்த்தை. நான் சிரிச்சிட்டேன். புள்ள பெத்தா நாலும் அறுந்துதான் போகும், அப்பறம் தானாக் கூடிக்கும்னேன். தையல் போட்டிருந்தாங்க. அது காஞ்சிருச்சு. மருந்து இடிச்சுக் குடுத்தேன், வயித்துல துணி கட்டி விட்டேன், தண்ணி ஊத்துனேன். ஒரு தாய் என்ன பண்ணோணுமோ அத்தனையும் பண்ணுனேன். நீங்களே சொல்லுங்க.

ஆனா அவ மொகம் தெளியவே இல்ல. தும்முனா பயப்படுவா. இருமுனா ஒரு கையை அடியில வெச்சுக்குவா. காத்துப் பிரியறது அவ கையில இல்லன்னு அழுவா. உக்காந்து எந்திரிச்சா உள்ள ஒரு பந்து மாதிரி கீழ எறங்குதும்மான்னா. நான் கஞ்சி குடி, நல்லாப் போயிரும்னேன்.

லீவு முடிஞ்சு பள்ளிக்கூடத்துக்குப் போனா. அந்த வருசம் வெளையாட்டு விழா. ரிலே ஓட்டத்துக்குப் புள்ளைங்களுக்குக் கட்டையைக் கை மாத்தி விடறது எப்பிடின்னு காட்டறதுக்கு இவ கூடவே ஓடியிருக்கறா. நாலு எட்டுதான் ஓடியிருப்பா போல. சுடிதார் நனைஞ்சிருச்சு. மைதானத்துல அத்தனை புள்ளைங்க, வாத்தியாருங்க, பெத்தவங்க. ஒரு புள்ள, மிஸ், நீங்க ஒண்ணுக்குப் போயிட்டீங்கன்னு சொல்லுச்சாம். வெகுளித்தனமாத்தான் சொல்லியிருக்கும். தண்ணி பாட்டில் கொட்டிருச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு இல்ல. அங்கயே மண்ணுல உக்காந்துட்டாளாம். எல்லாரும் போற வரைக்கும் எந்திரிக்கலயாம்.

அதோட விசிலக் கழட்டி வெச்சவதான். லீவு மேல லீவு. வெளிய கூப்பிட்டா வரமாட்டா. கல்யாணம் காட்சிக்கு வந்தா மொதல்ல பாத்ரூம் எங்கன்னு பாத்துட்டு அதுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்குவா. எங்க போனாலும் கருப்புச் சீலை. என்னடி எழவு வீட்டுக்கா வந்தேன்னு கேட்டா, கருப்புல தெரியாதும்மான்னு சொல்றா. தனபாலு மாப்பிள்ளை ஒரு வார்த்தை தப்பாப் பேசல. தனி ரூமுல படுத்துக்கறாரு, அவ்வளவுதான். அவதான் வலிக்குதுன்னு பக்கத்துல விடறதில்லையாம். ரெண்டாவது வேண்டாம்னுட்டா.

மறுபடியும் போனு. இருங்க, அணைச்சுப் போட்டர்றேன். இல்ல, அணைச்சா கீழ போன மாப்பிள்ளை கூப்பிட்டாத் தெரியாது. அடிக்கட்டும். அடிச்சு ஓயட்டும்.

நீங்க ஏன் என்னைய அப்பிடிப் பாக்கறீங்க? தப்பா நெனச்சுக்காதீங்க, நான் சொல்லலேன்னா உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு இல்லாத நோவா அது? என்ற மூணாவது பொறந்ததுக்கு அப்பறம் எனக்கும் எறங்கிருச்சு. குளிக்கறப்ப கையில தட்டுப்படும். நான் யாருகிட்டயாச்சும் வாயத் தொறந்தனா? துணிய வெச்சு இறுக்கிக் கட்டிட்டு மஞ்சக் காட்டுல களை எடுத்தேன். அப்பறம் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. அவ்வளவுதானே? அதெல்லாம் நோயா? பொம்பளைன்னா அப்பிடித்தான். எங்க பரம்பரையில யாருக்கும் ஒரு நோய் கிடையாதுங்க. சக்கரை கிடையாது, பிரசர் கிடையாது.

சுகன்யாவுக்கு மட்டும் இப்ப சக்கரை இருக்குதாம். மாசமா இருக்கறப்ப வர்றதாம், அப்பறம் போயிருமாம். அதனால கொழந்தை கொஞ்சம் பெருசா இருக்குதுன்னு சொன்னாங்க. பெருசா இருந்தா நல்லதுதானே?

கோகிலா சும்மா இருந்திருக்கலாம். பையனுக்கு நாலு வயசு ஆனப்ப யாரோ சொல்லிக் கோயமுத்தூருல ஒரு லேடி டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தா. தனியாவே பஸ் ஏறிப் போயிருக்கறா. வந்தவ நேரா என் அடுப்படிக்கு வந்தா. நான் பணியாரம் சுட்டுட்டு இருந்தேன். நின்னுட்டே சொன்னா.

அம்மா, என்ற அடிவயித்துக்குக் கீழ, கர்ப்பப்பையையும் மூத்திரப் பையையும் தாங்கறதுக்குத் தொட்டிலாட்டம் ஒரு தசை இருக்குதாம். அது ஒரு பக்கம் எலும்புல இருந்து பிச்சுட்டு வந்திருச்சாம். ஸ்கேன்ல காட்டுனாங்கம்மா. வெளியில போட்ட தையலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உள்ள பிஞ்சது பிஞ்சபடியே கெடக்குது.

எதுனாலன்னு நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. டாக்டர் சொன்னத அப்பிடியே ஒப்பிச்சா. மொதக் கொழந்தை வயசு கடந்து பொறந்தது. கொழந்தை பெருசு. மணிக்கணக்கா முக்க வெச்சது. மேல இருந்து வயித்த அமுக்குனது. எல்லாத்துக்கும் மேல அந்த இரும்பு போட்டு இழுத்தது. இதுல ஒண்ணு ரெண்டு இருந்தாலும் எல்லாருக்கும் பிஞ்சறாதும்மா, எனக்கு எல்லாமே ஒண்ணாச் சேந்திருச்சுன்னு சொன்னா. அப்பறம் என் கையப் பாத்தா. கரண்டி புடிச்சிருந்தேன் நான், அந்தக் கையைப் பாத்தா.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? பெத்தவளைப் பாத்துச் சொல்ற பேச்சா அது? பணியாரச் சட்டியத் தூக்கித் தொட்டியில போட்டுட்டேன். உன்னையப் பெத்து வளத்து, புள்ளையப் பெக்க வெச்சு, நீ உசுரோட நிக்கறீல்ல, அது போதாதாடின்னு கேட்டேன். அவ கீழ விழுந்த பணியாரத்தப் பொறுக்குனா. குனிய முடியாம ஒரு கையைச் சுவத்துல வெச்சிட்டுப் பொறுக்குனா.

ஏதோ பயிற்சி குடுத்திருக்காங்களாம். உள்ள சுருக்கி, விட்டு, சுருக்கி, விட்டு. தெனம் பண்றா. முன்னைக்குப் பரவால்லைங்கறா. ஆனா முழுசா வராதாம், ஆபரேசன் பண்ணுனாலும் நிக்கும்னு உறுதி இல்லையாம்.

அதோட விட்டாளா? சுகன்யா மாசமானதும் என்கிட்ட வந்து நின்னுட்டா. அம்மா, அவளுக்கும் வயசு முப்பத்தி மூணு ஆயிருச்சு, சக்கரை வேற, கொழந்தை பெருசுங்கறாங்க. எனக்கு ஆனத அவகிட்டச் சொல்லிடலாம், அவ அவளோட டாக்டர்கிட்ட முன்னாடியே உக்காந்து பேசட்டும், ஆபரேசனே பண்ணோணும்னு நான் சொல்லல, என்னென்ன ஆகலாம்னு தெரிஞ்சுக்கிட்டு அவளே முடிவு பண்ணட்டும்னா. மாசமா இருக்கறவகிட்டப் போய் இதைச் சொல்லலாமா? பயத்துலயே கொழந்தை சுருண்டுக்காது? பையன் தலை மேல கையை வெச்சுச் சத்தியம் பண்ணுடின்னேன், தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்னு. பண்ணமாட்டேன்னா. அப்பறம் நான் தலையில அடிச்சிட்டு அழுததப் பாத்துட்டுப் பண்ணுனா.

வளைகாப்புக்கு வந்திருந்தா. கருப்பு வேண்டாம்டின்னு நான் சொன்னதுக்காக மாம்பழக் கலருச் சீலை கட்டிட்டு, ஒரு மூலையில நின்னுட்டே இருந்தா. சுகன்யா, ஏனக்கா உக்காரமாட்டேங்கறேன்னு கேட்டா. இவ சிரிச்சிட்டு, நின்னாத்தான் உன்னைய நல்லாப் பாக்க முடியுதுன்னு சொன்னா. வளையல் போடறப்ப மட்டும் தங்கச்சி கையை விடவே இல்ல. எங்க சத்தியத்த மீறிருவாளோன்னு எனக்குப் பயம். நடுவுல புகுந்து, மஞ்சத் தண்ணி கலக்கோணும் வாடின்னு இழுத்துட்டு வந்துட்டேன்.

அதனாலதான் இன்னைக்கு அவளுக்குச் சொல்லல. அடுத்த வாரந்தான்னு சொல்லி வெச்சிருக்கறேன். நடுவுல வந்து காரியத்தக் கெடுத்துருவா.

ஆமாங்க. போன்ல அவதான். கம்பெனிக்காரங்க இல்ல. காலைல இருந்து அடிச்சிட்டு இருக்கறா. யாரோ வாயை விட்டிருக்காங்க. பெங்களூரு மாப்பிள்ளையாத்தான் இருக்கும்.

இருங்க, நர்சு வருது.

என்னம்மா? ... ம். ... ம். ... இல்லீங்க. அப்பிடியெல்லாம் யாருக்கும் இல்ல. எங்க வீட்டுல எல்லாருக்கும் நல்லபடியாத்தான் ஆச்சு. ... சுகன்யாவோட அக்காவா? அவளுக்கும் சுகப்பிரசவந்தான். ஒரு கொறையும் இல்ல. நீங்க டாக்டரம்மாவ ஆகறதப் பாக்கச் சொல்லுங்க.

போயிருச்சு. கேட்டீங்களா? கொழந்தை மேல பாத்தாப்பல கெடக்குதாம். இவ முக்கி முக்கி ஓஞ்சு போயிட்டாளாம். ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வரலாமாம், குடும்பத்துல யாருக்காச்சும் பிரசவத்துல அடி எறங்குனது, கிழிஞ்சது உண்டான்னு கேக்கறா. இந்தக் காலத்துப் புள்ளைங்க எதுக்கெடுத்தாலும் கேள்வி. பெரியவங்க இருந்தா கேப்பாங்களா? எடுக்கறத எடுத்துட்டுப் போயிருப்பாங்க.

என்னங்க? நான் பொய் சொன்னனா? எதைப் பொய் சொன்னேன்? கோகிலாவுக்குச் சுகப்பிரசவந்தானே. ஆபரேசனா பண்ணுச்சு? நீங்களே கேட்டீங்கல்ல இப்ப, முழுசாச் சொன்னேன்ல உங்களுக்கு. உங்களுக்குச் சொல்லலாம், நீங்க யாரோ. அவங்களுக்குச் சொன்னா உடனே கத்தியத் தூக்கிருவாங்க. என்ற அக்கா மாதிரி இவளையும் நான் வண்டியில ஏத்தட்டுமா?

உக்காருங்கம்மா. நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? உங்க மருமகளைத்தான் இன்னும் கூப்பிடலையே. அந்தக் கதவு உங்களுக்கு எதுக்கு? உக்காருங்க. நான் கையப் புடிச்சுக் கேக்கறேன், உக்காருங்க.

இது என்ன சத்தம், படியில?

ஐயோ. வந்துட்டா. கோகிலாதான். அதா, அந்த ஊதா சீலை, இன்னைக்குக் கருப்புகூடக் கட்டல. பெருந்துறையில இருந்து எப்ப ஏறுனா, எப்ப வந்தா? ரெண்டு மாடி ஏறி வந்திருக்கறாளே. ஓடியே வந்திருக்கறா. இவளுக்கு ஓடக் கூடாதுங்க, ஓடுனா நிக்காது அவளுக்கு. ஐயோ, பாருங்க, சீலை. முன்னாடியும் நனைஞ்சிருக்குது, பின்னாடியும் நனைஞ்சிருக்குது. காலுல ஒழுகிட்டு வருது. எல்லாரும் பாக்கறாங்களே.

கோகிலா. கண்ணு. இப்பிடி வா. ஒரு துண்டு தர்றேன், சுத்திக்க. அம்மா சொல்றதக் கேளு. மொதல்ல சீலைய மாத்திக்க...

கேட்டீங்களா? நனைஞ்சிருக்குதுன்னு தெரியும்மா, சுகன்யா எங்கன்னு கேக்கறா. ஒரு துண்டு குடுங்க, உங்க பையில இருக்குமா? அவ நிக்கமாட்டேங்கறா. கோகிலா, அந்தக் கதவத் தட்டாதடி. நீ சத்தியம் பண்ணியிருக்கறே. உன் பையன் தலை மேல...

தட்டிட்டா.

உள்ள விட்டுட்டாங்க. என்னைய விடமாட்டேன்னு சொன்னாங்க, அவள விட்டுட்டாங்க. அந்த ஈரத்தோட.

சத்தம் கேக்குதுங்களா உங்களுக்கு? எனக்கு ஒரு காது சரியாக் கேக்கறதில்ல. யாரு பேசறா? டாக்டரம்மாவா? என்ன சொல்றாங்க? ... ம். ... இதை ஒம்பதாவது மாசத்துலயே சொல்லியிருந்தா நிதானமா உக்காந்து பேசியிருக்கலாமேன்னு சொல்றாங்களா? யாரச் சொல்றாங்க? என்னையவா? ... அப்பறம்? ... சுகன்யாகிட்டக் கேக்கறாங்களா. ரெண்டு வழியிலயும் ஆபத்து இருக்குது, ஆபரேசன் இவ்வளவு தாமதமாப் பண்றதும் லேசில்ல, நீதான் சொல்லோணும்னு. வலியில கெடக்கறவகிட்ட எதுக்குக் கேக்கறாங்க? நான் இங்கதான இருக்கறேன், என்கிட்டக் கேக்கறது?

சுகன்யா பேசறா. அதுதான் அவ குரலு. காலைல இருந்து இப்பத்தான் கேக்கறேன். என்ன சொன்னா? சொல்லுங்க, உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?

அக்கா, இத்தனை வருசமா நீ இப்பிடியா இருந்தேன்னு கேட்டாளா.

ம்.

கதவத் தொறக்கறாங்க. நகருங்க, தள்ளுவண்டி வருது. எங்க கொண்டு போறாங்க? ஆபரேசன் தியேட்டருக்கா? யாரு சொன்னா? அவளே சொன்னாளா? அம்மா, டாக்டரம்மா, சித்த நில்லுங்க, என்ற அக்காவுக்கு இப்பிடித்தான்... நிக்கமாட்டேங்கறாங்களே. சுகன்யா! கண்ணு! அம்மா இங்க இருக்கறேன், இங்க பாரு. இந்தப் பக்கம் பாரு. நான் உன் நல்லதுக்குத்தான்...

பாக்கல.

அவ கோகிலா கையை இறுக்கிப் புடிச்சிருக்கறா. ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துட்டே போறாங்க. கோகிலா சீலைத் தண்ணி தரையெல்லாம் கோடாட்டம் விழுது, அதைக்கூட அவ கண்டுக்கல. கோகிலாவாச்சும் திரும்புவான்னு பாத்தேன்.

உள்ள போயிட்டாங்க. மேல செவப்பு வெளக்கு எரியுது.

அக்கா உள்ள போனப்பவும் இப்பிடித்தான் ஒரு வெளக்கு எரிஞ்சுது. சித்த இந்தக் கையப் புடிச்சுக்கங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா அதுக்குக் கோகிலாதான் காரணம், நீங்க சாட்சி. நல்லபடியா ஆச்சுன்னா...

நல்லபடியா ஆச்சுன்னா என்னன்னு கேக்கறீங்களா?

ஏனுங்க, எங்க போறீங்க? பையை எல்லாம் எடுக்கறீங்க? அந்த நாற்காலி ஆடுதுன்னு சொன்னேன்ல. அங்க போய் உக்காந்தா நீங்க பேசறது எனக்குக் கேக்காதுங்க.